தலைவலி, ஒன்பது நாள்

பனகல் சாலை ஸ்கேன் சென்டரில்
இரவு பதினொன்றே காலுக்கு
முப்பத்தோராவது தலையைத் திறக்கிறேன்.
கத்தி இல்லை.
மவுஸின் சக்கரத்தை உருட்டினால்
உச்சியிலிருந்து கழுத்துவரை
வில்லை வில்லையாய் இறங்குகிறாள் ஒரு மனுஷி.

சீட்டில் இவ்வளவுதான்:
ஒச்சம்மாள், 22, பெண்.
தலைவலி, 9 நாள்.
எழுதிய கைக்கு என்ன அவசரமோ
ஒன்பதின் வால் அடுத்த வரிவரை போயிருந்தது.

தலைவலி என்று வருகிற படங்களில்
பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.
இருப்பதும் வலிக்குச் சம்பந்தமில்லாமல் இருக்கும்:
எப்போதோ செத்த புழுவின் சுண்ணாம்புப் புள்ளி,
பிறவியிலேயே வந்த நீர்க்கட்டி,
மூக்கோரக் குழியில் தேங்கிய சளி.
கந்துவட்டிக்கும்
தூக்கமில்லாத ஷிப்டுக்கும் அடர்த்தி கிடையாது.
கதிர் அவற்றுக்குள் புகுந்து
அப்படியே வெளியே போய்விடும்.

கசிவு இல்லை. கட்டி இல்லை.
நடுக்கோடு நகரவில்லை.
நார்மல் என்று நான் சொல்லி முடிப்பதற்குள்
மும்தாஜ் அடித்துவிட்டாள்.
அந்தச் சொல்லுக்கு அவளிடம் ஒரே பொத்தான்.

அப்போதுதான் அபுதாகிர் கதவைத் திறந்து
"மேடம், வேற கவுன் இருக்கா?
அந்தப் பொண்ணுக்கு நனைஞ்சு போச்சு" என்றான்.
என்ன நனைஞ்சது?
"பாலு மேடம்.
வெளிய பிள்ளை அழுவுது, இங்க இது நனையுது."

சீட்டைத் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் வெள்ளை.
பிள்ளை எங்கும் எழுதப்படவில்லை.

எழுந்து போனேன்.
உசிலம்பட்டிக்கு மேற்கே ஏதோ ஊர்.
பெற்றுப் பதினான்கு நாள்.
உதடு வெடித்திருந்தது.
தண்ணி குடிக்கிறியாம்மா?
"காலைல ஒரு டம்ளர், சாயந்தரம் ஒரு டம்ளர்.
பச்ச ஒடம்பு, ஆகாதுன்னாங்க."
சொன்னவர்கள்மேல் அவளுக்குக் கோபமில்லை,
கேட்ட என்னிடம்தான் கூச்சம்.
"படுத்தா கூடுது மேடம்.
உக்காந்தேதான் தூங்குறேன்.
குனிஞ்சு பிள்ளையைத் தூக்கினா
கண்ணுக்குப் பின்னாடி வந்து இடிக்குது."

திரும்பி வந்து அதே படம்.
பிடரிக்கு மேலே, மண்டையோட்டை ஒட்டி
ஒரு முக்கோணம்.
சற்று முன்னும் அங்கேதான் இருந்தது,
எலும்பின் வெள்ளையோடு வெள்ளையாய்.
அளந்தேன். எழுபத்தெட்டு.
நீர் வற்றிய ரத்தமும் இப்படி வெளுக்கும்,
உறைந்த ரத்தமும் இப்படி வெளுக்கும்.

மருந்து ஏற்றி மறுபடி எடுத்தோம்.
முக்கோணத்தின் ஓரங்கள் பிரகாசித்தன,
நடு மட்டும் கறுப்பு.
தெருவெல்லாம் வெளிச்சமிருக்க
கரண்ட் போன ஒரே வீடு.

அவள் புருஷன் மொக்கச்சாமி
கண்மாய் பார்த்து வளர்ந்தவன்.
வரத்து நிக்கல, மடை அடைச்சிருக்கு என்றேன்.
தலைக்குக் கலுங்கு கிடையாது,
தண்ணி கரையைத்தான் முட்டும் என்றேன்.
"மடையைத் தொறந்துரலாம்ல மேடம்?"
கரையவைக்க மருந்து இருக்கு,
மெதுவாத்தான் ஆகும் என்றேன்.
கரையைப் பற்றி அவன் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

நார்மலை அழிக்கப் பொத்தான் ஏதுமில்லை.
மும்தாஜ் எழுத்தெழுத்தாய் அழித்தாள்,
ஆறு தட்டல்.

பெரியாஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியபோது
பிள்ளையை அபுதாகிர்தான் ஏற்றிவிட்டான்.
சட்டையில் ஈரத்தோடு திரும்பி வந்து
யாரிடமும் ஒன்றும் சொல்லாமல்
மெஷின் மேடையைத் துடைத்தான்.

நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன்,
குடிக்காமல் மூடினேன்.
கம்பியில் குத்தியிருந்த சீட்டுகளை உருவி
ஒவ்வொன்றாய்ப் பின்பக்கம் பார்த்தேன்.
தலைவலி. தலைவலி, ஒரு வாரம். தலைவலி.
எல்லாம் வெள்ளை.
எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள்,
கவரோடு, நான் கொடுத்த அந்தச் சொல்லோடு.

காலையில் எடுத்த முதல் தலையைத் திறந்தேன்.
பையைத் தோளில் மாட்டிய மும்தாஜ்
திரையைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள்.